ஆதியாகமமும் நெல்லைச் சீமையும்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்களில் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி ஆல்பங்கள் வெளியாகும். பூசை போட்டு, முகவர்களை வரவழைத்து, மாதிரிகளைக் கையில் கொடுப்பார்கள். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அடுத்தபடியாக அந்த ஊர் நாட்டுக்கு வழங்குவது காலத்தைத்தான். தினசரித் தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்றைச் சற்று நின்று பார்த்தால் எத்தனை காலக் கணக்குகள் அங்கே குடியிருக்கின்றன என்பது தெரியும். ஆங்கில ஆண்டு, தமிழ் ஆண்டு, திருவள்ளுவர் ஆண்டு, ஹிஜிரி ஆண்டு, சாலிவாகன சகம், கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு, கி.மு. 3102-இல் தொடங்கும் கலியுகம். ராகுகாலம் அச்சான இயந்திரத்திலேயே நாளுக்கொரு வேதவசனம் போட்ட கிறிஸ்தவ நாட்காட்டியும் ஓடுகிறது. இயந்திரத்துக்கு மதம் கிடையாது.

இத்தனை கணக்குகளுக்கு இடம் கொடுத்த சிவகாசி ஒரு கணக்கை மட்டும் அச்சிடுவதில்லை. உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004, அக்டோபர் மாதம் என்பது அந்தக் கணக்கு. அயர்லாந்தின் அர்மா நகரத்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், பைபிளின் வம்ச அட்டவணைகளைக் கூட்டிக் கழித்து 1650-இல் வெளியிட்டது. 1701 முதல் ஆங்கில பைபிள்களின் ஓரங்களில் அச்சாகி, வேத வாக்கியத்துக்குச் சமமான மதிப்பை அது பெற்றுவிட்டது.

படைப்புக் கதைக்கும் அறிவியலுக்கும் நடந்த வழக்கு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை வேற்று நாட்டுக் காட்சிகளே. ஆக்ஸ்போர்டில் 1860-இல் ஆயர் வில்பர்ஃபோர்ஸும் ஹக்ஸ்லியும் மோதியது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1925-இல் பரிணாமம் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் நீதிமன்றத்தில் நின்றது. நெல்லைச் சீமையில் அப்படியொரு விசாரணை நடந்ததில்லை. ஆனால் தென்னிந்தியாவில் ஆதியாகமத்தை மிக ஊன்றிப் படித்தவர்களுள் இந்தச் சீமை மக்களும் உண்டு. அவர்கள் அந்நூலிடம் கேட்டது பூமியின் வயதை அன்று, தம்முடைய வம்சத்தை. அந்தக் கேள்வியில் உயிர்களும் ஊர்களும் சிக்கியிருந்தன. இந்த வேறுபாட்டைக் கவனியாமல், இன்று இணையக் காணொளிகளில் உலாவும் ‘ஆறாயிரம் ஆண்டுப் பூமி’ வாதத்தை நம்மூர்க் கிறிஸ்தவத்தின் பழஞ்சொத்தாக எண்ணுகிறோம். அந்த எண்ணம் சரியா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எல்லைகளைச் சொல்லிவிட வேண்டும். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிந்து கிடந்தது. சிவகாசியும் சாத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. மற்றொரு பகுதி மதுரையைச் சேர்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதுதான் இரண்டும் ஒன்றாயின. ஆகவே சிவகாசியின் மிஷன் வரலாற்றைத் தெற்கே நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் ஆகிய ஊர்களின் வரலாற்றிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது. வடக்கே வணிகம் செய்தவர்களும் தெற்கே பனையேறியவர்களும் பெரும்பாலும் ஒரே சமூகத்தின் இரு கிளைகள்.

வட திருநெல்வேலிக்குக் கூடாரத்தோடு வந்த மிஷனரி தாமஸ் ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் 1841-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். அங்கேயே கல்லூரி உறுப்பினராக இருந்தவர். 1854 முதல் ஃபென், மெடோஸ் என்ற இரு தோழர்களோடு கரிசல் காட்டு ஊர்களில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் போதித்தார். நுரையீரல் நோயால் 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது அடுத்த ஆண்டு நவம்பரில். டார்வினும் கேம்பிரிட்ஜில் படித்தவரே. ராக்லண்ட் அந்நூலைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது வீண் வேலை. ஆனால் இந்தக் கால அமைப்பு முக்கியமானது. நெல்லைச் சீமையில் திருச்சபை வேர்பிடித்தது டார்வினுக்கு முன்பு. அதன் ஆரம்ப காலப் பிரசங்கங்களில் குரங்கு இல்லை.

யுகங்கள் இருந்தன. சென்ற நூற்றாண்டுகளின் மிஷனரிகள் புராணங்களைத் தாக்க விரும்பி எடுத்த ஆயுதங்களுள் ஒன்று இந்தியக் காலக் கணக்கின் பிரமாண்டம். பிரமனின் ஒரு பகல் ஆயிரம் சதுர்யுகங்கள், அதாவது 432 கோடி ஆண்டுகள் என்பதைக் கட்டுக்கதையின் அடையாளமாகக் காட்டினார்கள். அதற்கு எதிரே அவர்கள் நிறுத்திய வரலாறு ஆறாயிரம் ஆண்டுகளுக்குள் அடங்கியது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் நிலவியலாளர்கள் அஷரின் கணக்கைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் தாமஸ் சால்மர்ஸ் என்ற போதகர், ஆதியாகமத்தின் முதல் இரண்டு வசனங்களுக்கிடையே அளவற்ற காலம் கழிந்திருக்கலாம் என்று 1814-லேயே சொல்லிவிட்டார். படைப்பின் ஆறு நாட்களும் ஆறு நெடும் யுகங்கள் என்று ஹியூ மில்லர் 1857-இல் எழுதினார். இருவரும் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். ‘நாள்’ என்றால் இருபத்துநான்கு மணி நேரமாகத்தான் இருக்கவேண்டுமா என்று ஐரோப்பியர் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி, பிரமனின் நாளை அறிந்த தமிழ் வாசகனுக்கு ஒரு கேள்வியே அல்ல. மோசேயின் பெயரால் வழங்கும் 90-ஆம் சங்கீதமும் கடவுளின் காலத்தை மனிதக் காலத்தோடு ஒப்பிட்டு ஏறக்குறைய இதையே உணர்த்துகிறது. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய அளவீடு. பிரமனின் பகலுக்கு இது பக்கத்தில் நிற்பதைக் காட்டி ‘முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்’ என்று கிளம்புவோர் உண்டு. அதுவும் அஷரின் கணக்கைப் போன்றதே. எண் ஒத்துப்போவது அளந்து கண்டதாகாது.

இரண்டு மரபுகளையும் முடிச்சுப் போட முயன்றவர்களும் இருந்தார்கள். வில்லியம் ஜோன்ஸ் 1788-இல் இந்துக்களின் காலக் கணக்கைப் பற்றி எழுதியபோது யுகங்களைச் சுருக்கி மோசேயின் ஆண்டுகளுக்குள் திணித்தார். பெருவெள்ளத்தில் தப்பிய சத்தியவிரதனும் நோவாவும் ஒருவரே என்றார். பாகவத புராணத்தின்படி அந்தச் சத்தியவிரதன் திராவிட நாட்டு அரசன்; மீன் அவன் கையில் வந்தது கிருதமாலை ஆற்றில். கிருதமாலை வைகையே என்பது மதுரைக்காரர்களின் நெடுநாள் வழக்கு. ஆகவே ஜோன்ஸின் கணக்கை நேராக நம்பினால் நோவா விருதுநகருக்கு வடக்கே தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவராகிறார். பின்னாளில் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் தமிழ்க் கடல்கோளையும் நோவா காலத்து வெள்ளத்தையும் அருகருகே வைத்துப் பேசியதற்கு இப்படி நீண்ட முன்கதை உண்டு.

காலத்தைப் பற்றிய வழக்கை முடித்துவைத்தவை நூல்கள் அல்ல, கற்கள். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவி அது. சில மாதங்களில் அத்திரம்பாக்கத்தையும் கண்டார். அந்த இடத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மை உடையவை என்று 2011-இல் கணிக்கப்பட்டது. நாம் வியந்தது வேறொரு செய்தியை அறிந்தபோது. புரூஸ் ஃபுட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கி 1850-இல் வெளியிட்ட அதே பெர்சிவல். ஆதியாகமத்தைத் தமிழில் எழுதியவர் மாமனார். அதன் ஓரத்து ஆண்டெண்ணைச் செல்லாக்காசாக்கும் கற்களைப் பொறுக்கியவர் மருமகன். ஒரே குடும்பத்தவர்கள். இதனால் பெரும் பூசல் விளைந்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் படித்த கிறிஸ்தவர்கள் பலருக்கு இது விசுவாசத்தின் உயிர்நிலையைத் தொடும் பிரச்சினையாக இல்லை.

புரூஸ் ஃபுட் நெல்லைக்கும் வந்தார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அவரது அறிக்கை 1883-இல் வெளியானது. தேரி என்று நாம் சொல்லும் செம்மணல் மேடுகளில், சாயர்புரத்தில், சிறு கல்லாயுதங்களைக் கண்டார். சாயர்புரம் ஜி.யு. போப் 1840-களில் கல்விக்கூடம் நடத்திய மிஷன் கிராமம். பிற்காலத்தில், 1956-இல், சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தேரிகளைப் பழைய கடல்மட்டங்களோடு ஒப்பிட்டு, இந்த நுண்கற்கருவிகளின் காலம் கி.மு. 4000 அளவில் இருக்கலாம் என்றார்கள். அஷர் உலகத்துக்கே குறித்த நாள் ஏறக்குறைய அது. அவருடைய ஆதாமுக்கு ஏதேன் தோட்டம் நட்ட அந்தப் பொழுதில் நெல்லைக் கடற்கரையில் யாரோ குத்தவைத்துக் கல் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி வம்சத்துக்கு வருவோம். சண்டை உண்மையில் நடந்தது இங்கேதான்.

ஆதியாகமத்துக்கு இரண்டு முகங்கள். முதல் மூன்று அதிகாரங்கள் மனிதர் அனைவரையும் ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளாக்குகின்றன. பத்தாம் அதிகாரம் அவர்களைச் சேம், காம், யாப்பேத் என்ற நோவாவின் மூன்று மக்களின் வழிவந்தவர்களாகப் பிரிக்கிறது. முதல் முகம் சாதிக்கு எதிரானது. சென்னை மிஷனரிகள் 1850-இல் கூடி, சாதி பாராட்டுவோருக்குச் சபையில் இடமில்லை என்றும் சேர்ந்துண்ண மறுப்பது அதன் அடையாளம் என்றும் தீர்மானித்ததற்குப் பின்னே இருந்தது ஒரே ஆதாம் என்ற நம்பிக்கை. இரண்டாம் முகம் ஐரோப்பியரின் இனவரைவியலுக்கு அடிமனை ஆயிற்று. இந்தியரைக் காமின் சந்ததியில் வைத்தார் ஜோன்ஸ். பிறகு வந்த மொழியியலாளர்கள் நோவாவின் பெயர்களை மெல்ல விலக்கிவிட்டு ஆரியர், துரானியர், சித்தியர் என்ற பெயர்களை இட்டார்கள். யார் எங்கிருந்து வந்தார்கள், யார் யாருக்குக் கீழ் என்று மரம் வரையும் பழக்கம் மட்டும் பத்தாம் அதிகாரத்திலிருந்தே தொடர்ந்தது. ஒரே தகப்பனைப் போதித்த கையே பட்டியலும் போட்டது.

ராபர்ட் கால்டுவெல்லிடம் இவ்விரு முகங்களையும் காணலாம். 1856-இல் வெளிவந்த அவரது ஒப்பிலக்கணம் தமிழுக்குச் செய்த நன்மையை இங்கே விளக்க வேண்டியதில்லை. 1870-களில் கொற்கையில் அவர் அகழ்ந்து பார்த்ததும், தாமிரபரணி வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதால் கொற்கை உள்நாட்டு ஊரானது என்று வாதிட்டதும் நிலவியலாளன் செய்யும் தர்க்கம். ஆனால் அதே கால்டுவெல் 1849-இல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்றொரு சிறு நூல் எழுதினார். அந்தப் பெயரை அச்சமூகத்தார் பின்னாளில் மறுத்து, 1921 கணக்கெடுப்பில் நாடார் என்று மாற்றச் செய்தார்கள். நூற்பெயராக இருப்பதால் இங்கே குறிக்க நேர்ந்தது. அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள், அறிவிலும் ஒழுக்கத்திலும் தாழ்ந்தவர்கள் என்பது அந்நூலின் போக்கு. இங்கிலாந்தில் மிஷனுக்குப் பணம் திரட்டுவதற்கு அது உதவியிருக்கும். எந்த மக்கள் தம்மை நம்பிச் சபையில் சேர்ந்தார்களோ அவர்களைப் பற்றியே அப்படி எழுதியதை, கால்டுவெல்லின் பெருமையை உணர்ந்த நாமும் நியாயப்படுத்த இயலாது.

படிக்கக் கற்ற மக்கள் அந்நூலைப் படித்தார்கள். நாசரேத்தில் மிஷன் பணியிலிருந்து பிணங்கி விலக்கப்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை அவர்களுள் முதன்மையானவர். 1857-இல் அவர் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தலையீடற்ற ஒரு தனிச் சபையைத் தொடங்கினார். ‘இந்து கிறிஸ்தவ சபை’ என்று வழங்கிய அதில் ஓய்வுநாள் ஞாயிறு அன்று, சனி. தூபம் இட்டார்கள், தரையில் விழுந்து வணங்கினார்கள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளைக் கொண்டாடினார்கள். சட்டாம்பிள்ளையின் வாதம் எளியது, கூர்மையானது. பைபிள் ஆசியாவின் நூல். அதன் சடங்குகள் ஐரோப்பியரின் பழக்கங்களைக் காட்டிலும் நம்முடையவற்றுக்கே நெருக்கமானவை. அப்படியிருக்க அந்நூலை நமக்கு விளக்க வெள்ளைக்காரன் எதற்கு? யாழ்ப்பாணத்தில் நாவலர் 1854-இல் ‘சைவ தூஷண பரிகார’த்தில் யூத வழிபாட்டையும் சைவ வழிபாட்டையும் ஒப்பிட்டு மிஷனரிகளின் வாயை அடைத்ததை இது நினைவூட்டும். நாவலர் வெளியிலிருந்து செய்ததைச் சட்டாம்பிள்ளை உள்ளிருந்து செய்தார். 1880-களில் கால்டுவெல்லின் நூலை எதிர்த்துத் துண்டுநூல்களும் விண்ணப்பங்களும் குவிந்தன; நாங்கள் க்ஷத்திரியர், பாண்டியர் வழியினர் என்று வம்ச வரலாறுகள் எழுதப்பட்டன. எழுதியவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ‘ஆதியில் யார்’ என்று கேட்கும் பழக்கம் இரு தரப்புக்கும் பொதுவாகிவிட்டது.

வடக்கே இது ஏட்டோடு நிற்கவில்லை. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காயிற்று. சிவகாசியில் கோயில் நுழைவு கேட்டு எழுந்த பூசல் முற்றி, 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் ஊரைச் சூழ்ந்து தாக்கினார்கள். உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. சிவகாசிக் கொள்ளை என்று இன்றும் சொல்கிறார்கள். கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அவ்வழக்கில் நீதிமன்றங்கள் எடைபோட்டவற்றுள் ஒன்று இச்சமூகத்தின் பூர்வீகம். கோயிலுக்குள் கால்வைக்கலாமா என்பதற்கு, உன் மூதாதை எங்கிருந்து வந்தான் என்று கேட்டார்கள். பூர்வீகம் பற்றிய கேள்வி இங்கே ஓய்வுநேரத் தத்துவமாக இருந்ததில்லை என்று நாம் சொல்வது இதனால்தான்.

டார்வினை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அவர் நிற்குமிடம் வியப்பளிக்கும். வெவ்வேறு இனங்களுக்கு வெவ்வேறு தோற்றம் என்று வாதிட்ட விஞ்ஞானிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர். அமெரிக்க அடிமை முறைக்கு அந்த வாதம் வசதியாக இருந்தது. டார்வின் 1871-இல் ‘மனிதனின் வம்சாவளி’ நூலில் மனித இனம் ஒன்றே, மூதாதையும் ஒன்றே என்ற பக்கம் சேர்ந்தார். பூமியின் வயதில் மோசேயும் டார்வினும் எதிரெதிர். கமுதி வாசலில் இருவருக்கும் ஒரே சாட்சியம். அதைச் சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை.

கதையின் விநோதமான திருப்பம் இனிமேல்தான். சட்டாம்பிள்ளையின் மக்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரித்துவந்தார்கள் அல்லவா? அமெரிக்காவில் தோன்றிய ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபைக்கும் அதுவே ஓய்வுநாள். தெற்கே ஏற்கெனவே ஓய்வுநாள் காக்கும் தமிழர் இருக்கிறார்கள் என்று அறிந்து, 1908 அளவில் ஜே.எஸ். ஜேம்ஸ் என்ற மிஷனரி அவர்களிடையே வந்து பணி தொடங்கினார். பிரகாசபுரத்தில் அவர் பெயர் தாங்கிய பள்ளி உண்டு. அட்வென்டிஸ்ட் சபையின் தாய் எனத்தக்க எல்லன் ஒயிட் அம்மையார், பூமிக்கு ஆறாயிரம் ஆண்டு வயது என்பதிலும் ஆறு நாட்கள் உண்மையான நாட்களே என்பதிலும் உறுதியாக இருந்தவர். அந்தச் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மக்ரெடி பிரைஸ் என்ற ஆசிரியர், முறையான நிலவியல் பயிற்சி பெறாதவர், 1906-இல் ஒரு சிறு நூலும் 1923-இல் ‘புதிய நிலவியல்’ என்ற பெருநூலும் எழுதினார். பாறை அடுக்குகளும் அவற்றிலுள்ள உயிர்ப்படிவங்களும் நோவாவின் ஒரே வெள்ளத்தில் படிந்தவை என்பது அவர் கண்டுபிடிப்பு. விஞ்ஞானிகள் சிரித்தார்கள், பிற கிறிஸ்தவர்களும் நெடுநாள் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1961-இல் விட்கம், ஹென்றி மாரிஸ் என்ற இருவர் அவருடைய கருத்துகளைப் புதுக்கி ‘ஆதியாகம வெள்ளம்’ என்ற நூலை வெளியிட்டதும் நிலைமை மாறியது. இன்று ‘படைப்பு விஞ்ஞானம்’ என்று உலகெங்கும் பரப்பப்படுவதன் தாய்வீடு அந்த நூல். அமெரிக்கப் பள்ளிகளில் அதைப் பரிணாமத்துக்குச் சமமாகக் கற்பிக்கவேண்டும் என்ற சட்டங்களை 1982-இல் ஆர்கன்சாஸ் வழக்கிலும் 1987-இல் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதிகள் ரத்து செய்தார்கள்.

சட்டாம்பிள்ளை பழைய ஏற்பாட்டைக் கையிலெடுத்தது தம் மக்களின் மானத்துக்காக. சனிக்கிழமைக் கதவை அவர் திறந்துவைத்தது ஐரோப்பியரை வெளியே நிறுத்த. அதே கதவின் வழியாக இன்னொரு வெள்ளைக்காரச் சபை, தன் ஆறாயிரம் ஆண்டு பூமியோடு உள்ளே வந்தது. இதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது; பிரைஸின் பெருநூல் வெளியானபோது அவர் உயிரோடும் இல்லை. ஆனால் இன்று துண்டுப் பிரசுரத்திலும் காணொளியிலும் வரும் வெள்ள நிலவியலை ராக்லண்டின், பெர்சிவலின் மரபு என்று எண்ணுவோர் இந்த வழியைக் கவனிக்கவேண்டும். அது இந்த மண்ணின் திருச்சபை அளவுக்குக்கூடப் பழையதன்று.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் 1882 முதல் 1888 வரை வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ புராணத்தையும் பைபிளையும் ஒரே தராசில் நிறுத்தது. சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931-இல் விருதுநகரில் கூடியது. சிங்காரவேலர் ‘குடி அரசு’ பக்கங்களில் டார்வினைத் தமிழில் விளக்கினார். வம்சப் பெருமை பேசுவதை விட்டு வம்சக் கேள்வியையே விலக்குவது அவர்கள் வழி. கோயில் வாசலில் பூர்வீகம் கேட்கப்பட்ட மக்களிடம் அந்த இயக்கம் ஏன் எடுபட்டது என்பதற்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது வழியில் போனவர் தேவநேயப் பாவாணர். கிறிஸ்தவர், கீர்த்தனங்கள் இயற்றியவர். இளமையில் இராசபாளையத்துக்கு அருகே முறம்பில் சீயோன் மலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அதே முறம்பில் இன்று பாவாணர் கோட்டம் நிற்கிறது. ஏதேனையும் அஷரையும் அவர் ஓரமாக வைத்துவிட்டார். மனிதன் தோன்றிய இடம் குமரிக் கண்டம். மாந்தத் தோற்றம் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன். குமரி நாகரிகம் கி.மு. 50,000 அளவில் என்று 1966-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் வகுத்தார். இந்தக் குமரிக்கு அடித்தளமான இலெமூரியாவைக் கற்பித்தவர்கள் யார் என்று பார்த்தால் மீண்டும் ஒரு வேடிக்கை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட இலெமூர் போன்ற விலங்குகளின் பரவலை விளக்க 1864-இல் அப்பெயரை இட்டவர் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். குரங்கினத்திலிருந்து மனிதன் பிரிந்த இடம் அதுவாக இருக்கலாம் என்றவர் டார்வினின் ஜெர்மானியச் சீடர் ஹெக்கல். ஆக, பரிணாமவாதிகளின் கண்டமே பாவாணருக்குத் தமிழ் ஏதேன் ஆயிற்று. கண்டங்கள் நகர்கின்றன என்று 1960-களில் நிறுவப்பட்டதும் விஞ்ஞானம் இலெமூரியாவைக் கைவிட்டது; தமிழ் உள்ளம் கைவிடவில்லை. 1981 ஜனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் பாவாணர் பேசிய பொருள் ‘மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும்’. அடுத்த சில நாட்களில் அவர் காலமானார். அவருடைய வேர்ச்சொல் ஆய்வின் உழைப்பை வணங்குகிறோம். அவருடைய ஆண்டெண்களை ஏற்க இயலவில்லை. வேதத்திலிருந்து வந்தாலும் தாய்மொழிப் பற்றிலிருந்து வந்தாலும், முடிவை முதலில் வைத்துக்கொண்டு ஆண்டுகளைத் தேடிப் போகும் முறை ஒன்றே.

டார்வினை மறுப்போர் இன்று கிறிஸ்தவர்கள் மட்டுமல்லர். 2018-இல் ஒன்றிய அமைச்சர் ஒருவர் குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்க்கவில்லை என்ற பாணியில் பேசினார். 2023-இல் தேசியப் பாடநூல் குழு பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமப் பாடத்தை நீக்கியபோது ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். தமிழ்நாட்டில் 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரு முழுப் பாடம். மிஷன் பள்ளிகளின் மாணவர்களும் அதைப் படித்தே தேர்வெழுதினார்கள்.

சிவகாசிக்கு அருகே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். அங்குள்ள விசயகரிசல்குளம் மேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழத் தொடங்கி, 2023-லும் 2024-லும் தொடர்ந்தது. சங்கு வளையல்களும், கண்ணாடி மணிகளும், சூதுபவளமும், சுடுமண் உருவங்களும் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவற்றோடு நுண்கற்கருவிகளும் கிடைத்தன, தெற்கே சாயர்புரம் தேரியில் கிடைத்தவற்றைப் போலவே விரல்நுனியில் அடங்கும் சிறு கற்கள். அவற்றைக் கொத்தியவர்கள் என்ன சாதி என்று அறிய எந்த வழியும் இல்லை.